இரும்புக்கை தெரிகிறது; ஆள் எங்கே?

காமநாயக்கன்பட்டியில் ஆகஸ்டு 15 அன்று பரலோக மாதா திருவிழா முடிந்து, கோவில்பட்டிப் பேருந்துக்காகக் காத்து நின்ற இளைஞர் சிலரின் உரையாடல் என் செவியில் விழுந்தது. இயக்குநர் லோகேஷ் கனகராஜ் பல காலம் பேசிவந்த 'இரும்புக்கை மாயாவி' திரைப்படமாக வந்தால் எப்படி இருக்கும் என்று ஆளுக்கொரு கதை புனைந்துகொண்டிருந்தனர். தீயவனாகத் தொடங்குவானா? அந்தக் கையே அவனை ஆட்டிவைக்குமா? அவனை முழு எந்திரமாகவே மாற்றிவிடுவார்களா? என்னைக் கண்டதும் ஒருவன், "சாமி, நீங்க சொல்லுங்க. கை கெட்டதா, ஆள் கெட்டவனா?" என்று சிரித்தபடி கேட்டான்.

சிரித்துத் தள்ளிவிடத் தக்க கேள்வியன்று அது.

மாயாவி நமக்கு அந்நியன் அல்லன். 1962இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் பிறந்த அவன், 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக, நம் அண்டை ஊரான சிவகாசியிலிருந்து தமிழ் பேசி வந்தான். ஆய்வுக்கூட உதவியாளனான அவன் விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பெறுகிறான். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் வெளியில் தெரியும். தொடக்கக் கதையில் அவன் குற்றவாளி. பின்னரே நன்மைக்காகப் போராடும் வீரன். இரண்டு காலத்திலும் இரும்பு ஒன்றே. அதை இயக்கிய உள்ளமே மாறியது. மனிதரைத் தீட்டுப்படுத்துவது அவர்தம் உள்ளத்திலிருந்தே புறப்படுகிறது என்றார் ஆண்டவர் (மாற்கு 7:20-23). கோடரி தன் கூர்மையால் வெட்டினாலும், கட்டிலை உருவாக்குவது தச்சனின் கலையே என்று கருவிக்கும் கைவினைஞனுக்கும் உள்ள உறவைப் புனித தாமஸ் அக்குவினாஸ் விளக்கினார்.

ஆனால், தானே சிந்திக்கும் எந்திரம் வந்துவிட்டால்? 2010இல் வெளிவந்த 'எந்திரன்' படத்தில் சிட்டி என்னும் எந்திர மனிதன் நகரையே நடுங்க வைக்கிறான். நமது சினமெல்லாம் அவன்மீதே பாய்கிறது. அவனுக்குள் அழிவின் சிவப்புச் சில்லைப் பொருத்தியது ஒரு பேராசிரியரின் பொறாமை என்பதை அந்த ஆரவாரத்தில் மறந்துவிடுகிறோம். சாவான பாவத்திற்கு முழு அறிவும் மனமார்ந்த இசைவும் வேண்டும் என்பது திருச்சபையின் போதனை. செயற்கை நுண்ணறிவைப் பற்றி வத்திக்கான் 2025 ஜனவரியில் வெளியிட்ட 'அந்திக்குவா எத் நோவா' என்னும் ஏடும், அறநெறிப் பொறுப்பை ஏற்க வல்லவர் மனிதரே, எந்திரம் அன்று எனத் தெளிவுறுத்துகிறது. மனித உயிரைப் பறிக்கும் முடிவை எந்த எந்திரத்திடமும் விடலாகாது எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2024இல் ஜி-7 நாடுகளின் தலைவர்களிடம் வேண்டியதும் இதனாலன்றோ?

அப்படியாயின் எந்திர வில்லனை நாம் ஏன் இவ்வளவு விரும்புகிறோம்? தீமைக்கு இரும்பு முகம் ஒன்று கிடைத்தால், நம் முகம் தப்பித்துக்கொள்கிறது. காண்பார் இல்லாதபோதும் மனிதன் நேர்மையாக இருப்பானா என்று, அணிந்தவரை மறைத்துவிடும் மோதிரக் கதை ஒன்றின் வழியாகப் பிளேட்டோ வினவினார். நாம் அணியும் மோதிரம் எந்திரமே.

சில ஆண்டுகளுக்கு முன் எம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் என்னிடம் வந்து அழுதார். தீப்பெட்டி ஆபீசில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். "மெஷின் வந்து எங்க வேலையத் தின்னுட்டுது, சாமி" என்றார். நான், "காலம் மாறுது அம்மா, நாம என்ன செய்ய முடியும்?" என்று சொல்லி, செபித்து அனுப்பினேன். ஆறுதல் சொன்னதாகவே அன்று எண்ணினேன்.

பின்னொரு நாள் அவரே தம் சிறுபிராயத்தைச் சொன்னார். எட்டு வயதில், விடியுமுன் வண்டியேறிப் போய், சட்டங்களில் குச்சி அடுக்கினாராம். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்திற்கு முற்பட்ட காலம் அது. அவரது பள்ளிப் பருவத்தைத் தின்றது எந்த எந்திரம்? அன்று அங்கே கையன்றி வேறில்லை. அன்று 'வறுமை' என்றார்கள். இன்று 'மெஷின்' என்கிறார்கள். மழை பொய்க்கும் கரிசல் மண்ணில் வறுமை மெய்யே. தொழில் நிலைக்க எந்திரமும் தேவைப்படலாம். ஆனால் எட்டு வயதுப் பிள்ளையை வண்டியில் ஏற்றலாம் என்றும், முப்பதாண்டு உழைத்தவரை வெறுங்கையோடு அனுப்பலாம் என்றும் முடிவெடுத்தவர்கள் மனிதர்கள். மலிவான தீப்பெட்டி போதும் என்று விலையை மட்டுமே பார்த்து வாங்கிய நாமும் அவர்களோடு நின்றோம். இரும்புக்கை தெரிந்தது; ஆள் மறைந்துகொண்டான்.

'காலம்' என்று சொன்ன நானும் அந்த ஆளை மறைக்கவே உதவினேன். அந்தத் தாய் கேட்க வந்தது விளக்கம் அன்று. ஆபீஸ் வாசல் வரை அவரோடு நடந்து சென்று, நியாயமான தொகையேனும் தரும்படி பேச ஒரு துணை வேண்டியிருந்தது. நான் போகவில்லை.

திருப்பலியின் தொடக்கத்தில் மார்பில் தட்டிக்கொண்டு நம் பாவத்தை ஏற்கிறோம். அங்கே கருவியையோ காலத்தையோ சூழலையோ நாம் சுட்டுவதில்லை, 'நான்' என்கிறோம். மறைந்து நின்ற மனிதன் மீண்டும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் இடம் அதுவே.

படம் வந்தால் அந்த இளைஞர்கள் பார்க்கட்டும், களிக்கட்டும். இரும்புக்கை திரையில் உயரும்போது, அதன் மறுமுனையில் நிற்கும் ஆளையும் தேடட்டும். அன்று அவனுக்கு நான் விடை சொல்லுமுன் பேருந்து வந்துவிட்டது. இதுவே என் விடை.