முதன்மைத்தானம்

இலங்கை அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு ‘ஃபோர்மோஸ்ட் பிளேஸ்’ வழங்குமாறு கூறுகிறது. தமிழில் இது முதன்மைத்தானம் எனப்படும். 1972இன் அரசியலமைப்பில் நுழைந்த இத்தொடர் 1978இன் அரசியலமைப்பிலும் நிலைத்தது. இதை ‘அரச மதம்’ என்று எழுதிவிடுவோர் பலர். அது பிழை. பௌத்தத்தை உத்தியோகபூர்வ மதமாக்க 2004இல் ஒரு சட்டமூலம் வந்தபோது, அதற்குப் பொதுசன வாக்கெடுப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. இரண்டும் ஒன்றேயானால் அப்படியொரு சட்டமூலமே தேவைப்பட்டிராது.

அதைவிடப் பெரிய பிழை, வாக்கியத்தைப் பாதியில் வெட்டுவது. புத்த சாசனத்தைப் பேணி வளர்ப்பது அரசின் கடமை என்னும் அதே வாக்கியம், 10ஆம், 14(1)(உ)ஆம் உறுப்புரைகளின் உரிமைகளை எல்லா மதங்களுக்கும் உறுதிசெய்தே முடிகிறது. முன்னது, விரும்பிய சமயத்தைக் கொள்ளும் சுதந்திரம். பின்னது, அதைத் தனித்தோ கூடியோ வழிபட்டு, அனுட்டித்து, போதிக்கும் சுதந்திரம்.

முதல் இடம் பிறர் இடத்தைக் குறைக்குமா என்பதே இங்குள்ள தத்துவக் கேள்வி. சைவர்களுக்கு இது புதிதல்ல. முருகன் கோயிலிலும் முதல் தீபம் பிள்ளையாருக்கே. அதனால் மூலஸ்தானம் பிள்ளையாருடையதாகிவிடுவதில்லை. முதன்மை என்பது வரிசையைச் சொல்வது, உடைமையைச் சொல்வதன்று. பௌத்த மரபும் இதையே அறிந்திருந்தது. தன் சமயத்தை உயர்த்தப் பிற சமயத்தை இகழ்பவன் தன் சமயத்துக்கே கேடு செய்கிறான் என்பது அசோகரின் 12ஆம் பாறைக் கல்வெட்டின் கருத்து.

வெட்டிய வாக்கியம் நிலத்தில் என்ன செய்யும் என்பதை முல்லைத்தீவு மாவட்டத்தின் நாயாறு கண்டது. அங்கே பழைய செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயில் வளவில், போருக்குப் பின் ஒரு விகாரை எழுந்தது. அதன் விகாராதிபதி காலமானபோது, உடலைக் கடற்கரையில் தகனம் செய்யுமாறு முல்லைத்தீவு நீதிமன்றம் கட்டளையிட்டது. 2019 செப்டெம்பர் 23 அன்று அக்கட்டளையை மீறி, கோயிலின் தீர்த்தக்கேணி அருகே சிதை மூட்டப்பட்டது. கோயில் வீதியில் பிரேதம் கிடக்கும்வரை பூசையே செய்யாத சைவர்களுக்கு, அது வழிபாட்டின் மீதே விழுந்த அடி. முதன்மைத்தானம் என்ற தொடரின் எந்தப் பொருளும் இதற்கு இடம்தராது. துறவியின் இறுதிக்கிரியைக்கு மரியாதை வேண்டும். அந்த மரியாதைக்கு நீதிமன்றமே இடம் காட்டியிருந்தது.

இத்தொடரை எழுதுபவர் அதன் வாக்கியத்தை முழுமையாக எழுத வேண்டும். ஏனெனில் 83ஆம் உறுப்புரையின்படி, 9ஐப் போலவே 10ஐயும் பொதுசன வாக்கெடுப்பின்றி மாற்ற முடியாது.