நம்பிக்கையைத் திருத்தும் துணிவு

தரவு அறிவியலில் வளர்வது என்றால் பைத்தான், எஸ்.க்யூ.எல். என்று கருவிகளைச் சேர்த்துக்கொண்டே போவது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அத்துறையின் வேர்களில் ஒன்றோ ஒரு பாதிரியாரின் கேள்வி. தாமஸ் பேயஸ் 1761இல் மறைந்தபின் அவருடைய கட்டுரையை 1763இல் ராயல் சொசைட்டிக்கு அனுப்பியவர் ரிச்சர்ட் பிரைஸ். அவரும் சமயப் போதகர். பேயஸின் கேள்வி இதுதான்: புதிய சான்று வந்தால் பழைய நம்பிக்கையை எந்த அளவுக்கு மாற்றுவது? எடுத்துக்காட்டாக, ஆயிரத்தில் ஒருவருக்கு உள்ள நோய். நோயாளியையும் நோயற்றவரையும் 99 சதவீதம் சரியாக அடையாளம் காணும் சோதனை. நோய் உண்டென்று முடிவு வந்தவருக்கு உண்மையில் நோய் இருக்கும் வாய்ப்பு சுமார் 9 சதவீதம்தான். இதைக் கணக்கிட்டுப் பார்ப்பவரின் உள்ளுறுதி ஆட்டம் காணும். அந்த ஆட்டத்தையே நான் வளர்ச்சி என்பேன்.

எல்லாமே திருத்தத்துக்கு உரியது என்றால் கொள்கைப் பிடிப்பு எங்கே, பக்தி எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பிரைஸ் பேயஸின் கணக்கு முறையில் கடவுள் உண்டு என்ற வாதத்துக்கு வலுவைத்தான் கண்டார். அந்த முறை எந்த நம்பிக்கையையும் கைவிடச் சொல்வதில்லை. ஒன்றுக்குத் தொடக்கத்திலேயே பூஜ்ஜிய வாய்ப்பு கொடுத்துவிட்டால், எத்தனை சான்று குவிந்தாலும் அது பூஜ்ஜியமாகவே நிற்கும் என்று மட்டும் காட்டுகிறது. தரவு வேலையிலும் இதுவே நடக்கிறது: மேலதிகாரி விரும்பும் முடிவுக்கேற்பத் தரவை வடிகட்டித் தருபவருக்குப் பதவி உயர்வு கிடைக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு மாறான எதற்கும் அவர் அந்தப் பூஜ்ஜியத்தைத்தான் எழுதிவைத்திருக்கிறார்.