முடிவு என்னும் அறச்சிக்கல்: ‘செக்ஸ் அண்ட் த சிட்டி’ தொடரின் இறுதிப் பருவத்தை முன்வைத்து

ஒருவரது வாழ்வு நல்வாழ்வா என்பதை அதன் முடிவைக் கொண்டே துணிய வேண்டுமா என்னும் வினா மேலை அறவியலில் மிகப் பழமையானது. இறக்கும்வரை எவரையும் இன்பமுற்றவர் எனல் ஆகாது என்று சோலோன் கூறியதாக வழங்கும் கருத்தை அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாக்கிய அறவியலின் முதற் புத்தகத்தில் எடுத்து ஆராய்கிறார். அதனை அப்படியே ஏற்கவில்லை. நல்வாழ்வு நற்செயலில் நிலைகொள்வது என்றும், ஊழின் ஏற்றத்தாழ்வு அதனை எளிதில் அசைப்பதில்லை என்றும் அவர் கருதுகிறார். வாழ்க்கைக்குப் பொருந்தும் இவ்விடை கதைக்குப் பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது. வாழ்வில் முடிவு நேர்கிறது. கதையில் அது ஒருவரால் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அவ்வாறு தேர்ந்தெடுத்த முடிவு அதற்கு முன் நிகழ்ந்த அனைத்தின் மீதும் ஒரு தீர்ப்பாகவே அமைந்துவிடுகிறது.

மணமாகாத பெண்ணைத் தலைமைப் பாத்திரமாகக் கொண்ட கதைகளில் இச்சிக்கல் கூர்மையடைகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புதினங்கள் தம் நாயகியர்க்குத் திருமணம் அல்லது இறப்பு என இரு வாயில்களையே வைத்தன என்று ரேச்சல் பிளாவ் டுபிளெசிஸ் 1985இல் வெளியான தம் நூலில் காட்டினார். தமிழ் மரபு மூன்றாவதாகத் துறவையும் அறியும். மணிமேகலை அதற்குச் சான்று. எனினும், உலகியலில் நின்றவாறே மணமின்றி வாழும் பெண்ணின் கதையை எவ்வாறு முடிப்பது என்பதற்கு இம்மரபுகளில் வாய்பாடு கிடைப்பது அரிது. 2004இல் இவ்விடர்ப்பாட்டை எதிர்கொண்டது ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்.

‘நியூயார்க் அப்சர்வர்’ இதழில் 1994 முதல் கேண்டஸ் புஷ்னெல் எழுதிய பத்தியை அடியொற்றி டேரன் ஸ்டார் உருவாக்கிய ‘செக்ஸ் அண்ட் த சிட்டி’, எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் 1998 ஜூன் முதல் 2004 பிப்ரவரி 22 வரை ஆறு பருவங்களாக, 94 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. பத்தி எழுத்தாளர் கேரி, வழக்கறிஞர் மிராண்டா, கலைக்கூடப் பணியிலிருந்த ஷார்லட், விளம்பரத் தொடர்பாளர் சமந்தா ஆகிய நால்வரும் நியூயார்க் நகரத்துத் தோழியர். தலைப்பைக் கண்ட அளவிலேயே தொடரை ஒதுக்கியோர் பலர். உள்ளே நுழைந்தோர் கண்டது, கணினித் திரையில் கேரி தட்டச்சு செய்யும் ஒரு வினாவைச் சுற்றி ஒவ்வொரு பகுதியும் சுழல்வதை. வினாவையே வடிவமாகக் கொண்ட தொடர் ஒருநாள் விடையுடன் முடிந்தாக வேண்டும் என்பதே அதன் இடர்ப்பாடு.

இருபது பகுதிகள் கொண்ட இறுதிப் பருவத்தின் முதற் பன்னிரண்டு 2003 கோடையிலும், எஞ்சிய எட்டு 2004 தொடக்கத்திலும் வெளிவந்தன. முதற் பாதியில் வரும் காலணி நிகழ்ச்சி, இத்தொடர் எழுப்பிய அறவினாக்களுள் மிகச் செறிவானது. குழந்தைப் பேற்றை ஒட்டி நண்பர் இல்லத்தில் நடக்கும் விருந்தில் விருந்தினர் காலணிகளை வாயிலில் கழற்றிவைக்க நேர்கிறது. கேரியின் காலணி காணாமற் போகிறது. ஈடுசெய்ய முன்வரும் தோழி, விலை 485 டாலர் என்றறிந்ததும் பின்வாங்குகிறாள்; குடும்பப் பொறுப்புள்ள தன்னைப் போன்றோர் பிறருடைய ஆடம்பரத்திற்குப் பணம் தர இயலாது என்பது அவள் வாதம். அப்போதுதான் அத்தோழியின் மணவிழாவுக்கும் குழந்தைகளுக்கும் தான் இதுவரை அளித்த பரிசுகளைக் கேரி கணக்கிட்டுப் பார்க்கிறாள். தனக்கு ஒருவரும் அவ்வாறு அளிக்க வாய்ப்பே இருந்ததில்லை என்பதையும் உணர்கிறாள். தன்னையே தான் மணந்துகொள்வதாக அறிவித்து, தான் வேண்டும் பரிசு அந்தக் காலணி ஒன்றே எனத் தோழிக்குத் தெரிவிக்கிறாள். காலணி வந்து சேர்கிறது.

கொடை என்பது திருப்பிச் செலுத்தும் கடமையை உடன்கொண்டது என்று மார்செல் மோஸ் 1925இல் நிறுவினார். அந்நோக்கில், கொடுக்கும் முறை மட்டுமே வாய்த்து, பெறும் முறை வாயாத ஒருத்தி அச்சமூகத்தின் கொடைச் சுழற்சிக்கு வெளியே நிறுத்தப்பட்டவள் ஆகிறாள். இங்கு எழும் முறையீட்டின் பொருள் பணமன்று. மணமும் மகப்பேறும் பெறும் விழா, தனிவாழ்வுக்கும் ஏதேனும் ஒரு வகையில் உரியதா என்பதே கேட்கப்படுகிறது. விடை ஒரு விலையுயர்ந்த காலணியாக அமைவது இத்தொடரின் நுகர்வு மோகத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அதனால் வினாவின் நேர்மை குறைந்துவிடவில்லை.

பிற்பாதி இவ்வினாவை விட்டு விலகிப் பாரிஸ் நோக்கிச் செல்கிறது. மிகயீல் பாரிஷ்னிக்கோவ் ஏற்று நடித்த ரஷ்யக் கலைஞன் பெத்ரோவ்ஸ்கிக்காகக் கேரி பத்தி எழுதும் பணியையும் நகரையும் துறக்கிறாள். அப்பணிதான் அவள் என்று மிராண்டா தடுக்க, அது தான் செய்யும் வேலையே அன்றித் தான் அன்று என்று கேரி மறுக்கிறாள். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. பாரிஸில் கேரியின் நூலைப் படித்த வாசகர்கள் அவளுக்காக ஒரு விருந்து ஏற்பாடு செய்கின்றனர். அதே வேளையில் பெத்ரோவ்ஸ்கி தன் கண்காட்சியை முன்னிட்டு அஞ்சி நிற்க, அவன் கையைப் பற்றிக்கொள்வதற்காக அவ்விருந்தைக் கைவிடுகிறாள். அருங்காட்சியகத்தில் புகழுரை தொடங்கியதும் அவன் அவள் கையை விட்டுவிடுகிறான்.

அறநோக்கில் கதை அங்கேயே தீர்ந்துவிட்டது. அவன் தீயவன் அல்லன். தன் கலையே தனக்கு முதன்மை என்பதை மறைத்தவனும் அல்லன். ஆயினும் திரைக்கதை அந்த விடுபட்ட கையை நம்பவில்லை. விடுதியில் நிகழும் வாக்குவாதத்தில் அவன் கை அவள் கன்னத்தில் அறைந்துவிடுகிறது. பிரிவுக்கு ஓர் அறை தேவைப்பட்டது எனின், புறக்கணிப்பு ஒன்றே பிரிவுக்குப் போதிய காரணமாகாது என்று பொருள்படும். இறுதிப் பருவத்தின் அறச்சோர்வு இதுவே.

கேரி தானாகவே பிரிவைத் துணிந்த பின்னரே பழைய காதலன் பிக் விடுதிக்குள் நுழைகிறான் என்பது காட்சி வரிசையில் நுட்பமாகப் பேணப்பட்டுள்ளது. அதற்கு முன் அவன் நியூயார்க்கில் மூன்று தோழியரின் முன் நின்று அவர்தம் இசைவைப் பெற்ற பிறகே பாரிஸ் செல்கிறான். அகமரபில் அறத்தொடு நிற்கும் தோழி தலைவியின் காதலைச் சுற்றத்தார்க்கு உரைப்பாள். இங்கோ தோழியரே சுற்றமாகிவிட்டனர். ஒப்புமை இவ்வளவில் நிற்பதே நன்று.

எவ்வாறாயினும், நிறைவுப் பகுதியில் நால்வரும் துணை பெற்றவர்களாகவே விடப்பட்டனர். ஒருவர் தம்மோடு கொள்ளும் உறவே யாவற்றினும் முதன்மையானது என்று கேரியின் பின்னணிக் குரல் ஒலிக்கும்போதே அவள் கைப்பேசியில் பிக்கின் இயற்பெயர் தோன்றுகிறது. குரல் ஒன்றைச் சொல்ல, படம் வேறொன்றைச் சொல்கிறது. பெண்கள் மணத்தால் இறுதியில் இன்பம் எய்துவதில்லை என்னும் தன் அடிப்படையையே தொடர் கைவிட்டுவிட்டதாக டேரன் ஸ்டார் 2016இல் குறைபட்டார். அக்குறைபாடு நியாயமானது. ஆனால் அதுவும் முடிவையே அளவுகோலாகக் கொள்கிறது என்பது கருதத்தக்கது.

முடிவுகளோ நிலைக்கவில்லை. 2008இல் வந்த திரைப்படத்தில் சமந்தா தன் துணைவன் ஸ்மித்தைப் பிரிந்தாள். 2021இல் தொடங்கிய ‘அண்ட் ஜஸ்ட் லைக் தட்’ தொடரின் முதற் பகுதியிலேயே பிக் இறந்தான். மிராண்டாவும் ஸ்டீவும் மணமுறிவு பெற்றனர். 2025 ஆகஸ்டில் அத்தொடர் நிறைவுற்றபோது, கேரி எழுதிய புதினத்தின் நாயகி துணையின்றியே, ஆனால் தனிமைப்பட்டவளாக அன்றி விடப்படுகிறாள், கேரியும் அவ்வாறே. இருபத்தோர் ஆண்டுகட்கு முன் வழங்கப்பட்ட நான்கு பரிசுகளில் எஞ்சியது ஷார்லட்டின் இல்லறம் மட்டுமே. சோலோனின் எச்சரிக்கை வென்றது போல் தோன்றுகிறது.

அவ்வாறு அழியாத ஒன்றும் 2004இன் நிறைவுப் பகுதியில் இருந்தது. மன்ஹாட்டனை விட்டு விருப்பமின்றி புரூக்ளினுக்குக் குடிபெயர்ந்த மிராண்டாவின் இல்லத்தில், நினைவு குலைந்த மாமியார் மேரியும் வந்து தங்குகிறாள். ஒருநாள் மேரி வீட்டைவிட்டு வெளியேறிவிட, மிராண்டா தெருத்தெருவாகத் தேடிக் கண்டுபிடித்து அழைத்துவந்து குளிப்பாட்டுகிறாள். தொடர் முழுதும் எள்ளலையே கவசமாக அணிந்திருந்தவள் அவள். அப்போது அவளிடம் எள்ளல் இல்லை. பின்னணிக் குரலும் வினாவும் இல்லை. அதனைக் கண்டவள் பணிப்பெண் மக்டா ஒருத்தியே. அவள் மிராண்டாவின் நெற்றியில் முத்தமிட்டு, நீ செய்த இதுவே அன்பு என்னும் பொருள்பட ஓரிரு சொற்கள் கூறுகிறாள். தீர்ப்பு வழங்கும் உரிமை அங்கு ஒரு பணிப்பெண்ணிடம் சேர்ந்தது தற்செயலாக இருக்கலாம். செல்வர்களின் நகரத்தையே காட்டிவந்த தொடரில் அது சிறிய செய்தியன்று. பின்னர் ஸ்டீவுடனான மணம் முறிந்தது. அந்நாளில் மேரியைக் குளிப்பாட்டிய செயலை அம்முறிவு தொடவில்லை.