விரலை எடுத்தல்

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்கு வடக்கே நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையின் வட்டாரத்தில், 1751ஆம் ஆண்டில், ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்கான போட்டியில் முகமதலிக்காக ஆங்கிலேயரும் சந்தா சாகிபுக்காகப் பிரெஞ்சுக்காரரும் பொருதபோது, செய்தி செல்லும் வேகம் குதிரையின் வேகமாகவே இருந்தது. இன்றோ, அம்மதிலடியில் நிற்பவர் கைபேசியில் 'அழுத்திப் பேசு' (push-to-talk) எனும் குழுப்பேச்சு வசதியின் பொத்தானை அழுத்திப் பேசினால், அக்குரல் தரவுத் துணுக்குகளாகி, பேசும் உரிமையை ஒரு நேரத்தில் ஒருவருக்கே அளிக்கும் மையக் கணினியின் வழியே, குழுவினர் அனைவரையும் நொடிகளில் அடைகிறது. அமெரிக்காவில் நெக்ஸ்டெல் நிறுவனம் பரப்பிய இம்முறைக்குரிய பழைய வலையமைப்பு 2013இல் நிறுத்தப்பட்டபோதிலும், அம்முறையின் நியதி மட்டும் மாறவில்லை: விரலை எடுத்தாலன்றி மறுமொழி கேளாது.

நம் பிரார்த்தனைகளில் பெரும்பாலானவை விரலை எடுக்காத பேச்சுகள் அல்லவா? கல்லாலின் கீழ் சனகாதி முனிவர் நால்வருக்கும் வாய் திறவாமல் உபதேசித்த தட்சிணாமூர்த்தியையும், திருச்சிராப்பள்ளியில் மௌனகுருவை ஆசானாகக் கொண்ட தாயுமானவரையும் போற்றும் நாம், சந்நிதியில் விண்ணப்பங்களை அடுக்கிவிட்டு உடனே திரும்புகிறோம்.

'மௌனித்தாலும் எக்குரலும் கேட்கவில்லையே' என்று நாஸ்திகர் ஆட்சேபிப்பாராயின், அது நியாயமானதே. மௌனம் மறுமொழிக்கு உத்தரவாதமன்று, இடங்கொடுத்தல் மட்டுமே. ஆயினும், ஈசுவரன் பேசினானா என்பதைப் பிறர் சோதித்தறிய இயலாதெனினும், மௌனம் பழகியவன் வீடு திரும்பியபின் மனைவியின் குறையையும் வேலையாளின் முறையீட்டையும் இடைமறிக்காமல் கேட்கிறானா என்பதைச் சோதிக்கலாம். கேளாதவனுடைய தியானம், அவன் எத்தனை நாழிகை கண்மூடியிருந்தாலும், தன்னோடு தானே பேசிக்கொண்டதேயாகும்.