தனிப்பிறவி இல்லை, அதனால் என்ன?

ஒரு சின்ன மரக்குதிரை. அதன் அடியில் 6-10-21 என்று தேதி செதுக்கியிருக்கிறது. 2017இல் வந்த ‘பிளேடு ரன்னர் 2049’ படத்தின் நாயகன் கேயைப் புரட்டிப்போடுவது அதுதான்.

கே பிறந்தவன் இல்லை, செய்யப்பட்டவன். ரெப்ளிகன்ட் என்பார்கள். பெயர் கிடையாது, வரிசை எண்தான். லாஸ் ஏஞ்சலஸ் போலீசில் வேலை. தன் இனத்திலேயே தப்பி ஓடிய பழைய மாடல்களைத் தேடிப்பிடித்து முடிக்க வேண்டும். முடித்துவிட்டு வந்து வெள்ளை அறையில் உட்கார்ந்து, கேட்கும் சொற்களை உணர்ச்சியே இல்லாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். தடுமாறினால் அவன் கதையும் முடிந்தது.

அவனுக்குள் ஒரு சிறுவயது நினைவு உண்டு. பையன்கள் துரத்துகிறார்கள், அவன் மரக்குதிரையை அணைந்த உலைக்குள் ஒளித்துவைக்கிறான். தயாரிக்கும்போதே மூளையில் ஏற்றிய கதை அது என்றுதான் நினைத்திருந்தான். ஒருநாள் அதே உலைக்குள் கைவிட்டுத் துழாவுகிறான். குதிரை இருக்கிறது!

அப்படியானால் நினைவு நிஜம். அப்படியானால் தான் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளை. ரெப்ளிகன்ட் ஒருத்திக்குப் பிறந்ததாக எல்லோரும் தேடும் அதிசயக் குழந்தையே தான்தான். அவன் நடையே மாறிவிடுகிறது.

பிறகுதான் இடி விழுகிறது. நினைவு நிஜம்தான்; ஆனால் அவனுடையது இல்லை. அந்தக் குழந்தை ஒரு பெண். அவளுடைய நினைவைத்தான் அவன் இத்தனை நாள் சுமந்திருக்கிறான்.

அடி அதோடு நிற்கவில்லை. வீட்டில் அவனுக்கு ஒரு டிஜிட்டல் துணைவி இருந்தாள். நீ தனிப்பிறவி என்று சொல்லி, ஜோ என்று ஆசையாகப் பெயர் வைத்தவள். அவளும் அழிந்துபோன பிறகு, அவளைப் போன்ற துணைவிகளை விற்க, தெருவில் கட்டட உயரத்துக்கு எழுந்து நிற்கும் ஒரு விளம்பர உருவம் குனிந்து அவனை அதே பெயரால் கூப்பிடுகிறது. அவனுக்கென்றே வைத்ததாக நம்பிய பெயர், வருகிற போகிற எவருக்கும் கிடைக்கும் பெயர்.

நினைவு போயிற்று. பெயர் போயிற்று. பிறப்பும் போயிற்று. மிச்சம் என்ன?

இங்கேதான் படம் நிமிர்கிறது. அந்தக் குழந்தையைத் தேடி அழித்துவிடு என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். குழந்தையின் தகப்பன் டெக்கார்ட் அவளைப் பற்றி வாய் திறப்பதற்குள் அவனைக் கொன்றுவிடு என்று ரெப்ளிகன்ட் புரட்சிக்காரர்கள் சொன்னார்கள். கே இரண்டையும் செய்யவில்லை. உடம்பெல்லாம் காயத்தோடு, கடலில் மூழ்கவிருந்த டெக்கார்டைக் காப்பாற்றி, மகள் இருக்கும் வாசலுக்கே கூட்டிப்போய் விடுகிறான்.

யாரும் சொல்லாதது. யாரும் சம்பளம் தராதது. அவன் வாழ்க்கையில் முழுக்க முழுக்க அவனுடையது என்று சொல்ல அந்த ஒரு காரியம் போதும்.

தான் தனிப்பிறவி என்று நினைத்தவரை ஒரு கதை அவனை இழுத்துப்போனது. தான் சாதாரணம் என்று தெரிந்த பிறகுதான் அவன் தானே நடந்தான்.

1982இல் வந்த முதல் படத்திலும் இதே டெக்கார்ட் ஒரு முறை சாவின் விளிம்பில் தொங்கினான். தூக்கிவிட்டவன் ராய், நான்கே ஆண்டு ஆயுள் தந்து செய்யப்பட்ட ரெப்ளிகன்ட். டெக்கார்ட் வந்ததே அவனைக் கொல்லத்தான். ஆயுளின் கடைசி நிமிடங்கள். ஆதாயம் எதுவும் இல்லை. ஆனாலும் கை நீண்டது. அதே படத்தில் ரேச்சல், தான் மனுஷிதான் என்று காட்ட அம்மாவோடு எடுத்த புகைப்படத்தை நீட்டினாள். அந்தச் சான்று நிற்கவில்லை. ராயின் கைதான் சான்றாக நின்றது.

இன்று உங்களையும் யாராவது கேட்பார்கள்: எந்த ஊர், என்ன படிப்பு, எங்கே வேலை, யார் வீட்டுப் பிள்ளை? பதில் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் அதெல்லாம் உங்களுக்கு வந்து சேர்ந்தவை. நீங்கள் தேர்ந்தவை வேறு.

நாம் விசேஷமானவர் இல்லையோ என்ற எண்ணம் சில நாள் மனதை அரிக்கும். அரிக்கட்டும். விசேஷமானவருக்கு ஊர் எதிர்பார்ப்பைக் காப்பாற்றும் வேலை இருக்கிறது. சாதாரணமானவருக்கு அந்தப் பாரம் இல்லை. மனம் சொல்வதைச் செய்யலாம்.

யாரும் கேட்காத, கணக்கில் வராத, செய்யாவிட்டாலும் ஒருவரும் குறை சொல்லாத ஒரு நல்ல காரியம் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இன்றைக்கு அதைச் செய்துவிடுங்கள். நீங்கள் யார் என்பதற்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.