தன்னால் அடைபட்ட வாசல்

வீட்டு ரவுட்டரின் அமைப்புகளில் ஒரு தவறான மாற்றத்தைச் செய்து சேமித்துவிட்டால், அதைத் திருத்த வேண்டிய பக்கத்துக்கே போக முடியாத நிலை சில சமயம் வந்துவிடும். வைஃபை வழியாக நிர்வாகப் பக்கம் திறப்பதைத் தடுத்துவிடுவது, கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி வழங்கும் வசதியை அணைத்துவிடுவது, அனுமதிப் பட்டியலில் சொந்தக் கணினியையே சேர்க்காமல் விடுவது எல்லாம் வழக்கமாக நடப்பவை. கருவி பழுதாகவில்லை; சொன்னதைச் சொன்னபடி செய்கிறது. தன் செயலால் கட்டுண்டவர் தன் முயற்சியாலேயே விடுபட முடியுமா, பிறர் துணை வேண்டுமா என்பது சமயங்கள் நெடுங்காலம் வாதிட்ட கேள்வி. அது இங்கே சிறிய அளவில் எழுகிறது.

திருப்பரங்குன்றத்தின் தலக்கதை இதை நக்கீரர் மேல் ஏற்றிச் சொல்கிறது. சரவணப் பொய்கைக் கரையில் அவர் சிவபூசையில் இருந்தபோது மரத்திலிருந்து ஓர் இலை விழுந்தது. நீரில் பட்ட பாதி மீனாகவும் நிலத்தில் பட்ட பாதி பறவையாகவும் மாறி ஒன்றையொன்று இழுத்தன. நக்கீரரின் கவனம் அங்கே போனது; பூசை வழுவியது. அப்படி வழுவியவர்களில் ஆயிரம் பேரைச் சேர்த்து உண்ணக் காத்திருந்த கற்கிமுகி என்னும் பூதம் அவரை மலைக்குகையில் அடைத்தது. உள்ளே ஏற்கெனவே 999 பேர். அவர் முருகனைப் பாட, வேல் பாறையைப் பிளந்தது. அந்தப் பாட்டே பத்துப்பாட்டின் முதல் நூலான திருமுருகாற்றுப்படை என்பது மரபு. 317 அடிகள் கொண்ட அந்நூலில் இந்தச் சிறைக்கதை இல்லை. பின்னால் வந்து சேர்ந்தது. ஆனாலும் சேர்த்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள். ஆற்றுப்படை என்பது பரிசில் பெற்றவர் பெறாதவருக்கு வழி சொல்லும் பாட்டு. இந்தக் கதையிலோ, வழி அடைபட்டுக் கிடப்பவர் அதைப் பாடுகிறார்.

ஒரு கணக் கவனப் பிசகுக்குக் குகைச் சிறையா என்று கேட்கத் தோன்றும். சைவ சித்தாந்தம் இதற்கு வைத்திருக்கும் விடை கூர்மையானது. வினை சடம், அது தானே போய்ச் செய்தவனைச் சேராது. பலனைக் கூட்டுவிப்பவன் இறைவன். அதுவும் பழிவாங்க அல்ல, உயிரைப் பக்குவப்படுத்த. ரவுட்டரில் சடம் மட்டுமே உண்டு, கூட்டுவிப்பவன் இல்லை. அதனால்தான் அதன்மேல் கோபப்படுவதில் பொருளில்லை.

விடுபடும் வழிகளுக்கு வருவோம். முதலாவது, கேபிளை நேராகச் செருகி, கணினிக்கு ரவுட்டரின் வரிசையிலேயே ஓர் ஐபி முகவரியைக் கையால் கொடுத்து உள்ளே போவது. பாஸ்வேர்டு நினைவிருந்தால் பெரும்பாலும் இது போதும். பார்ப்பதற்கு இது முழுக்கச் சுயமுயற்சி. ஆனால் கேபிள் துளையை அடைபடாமல் வைத்தது மாட்டிக்கொண்டவர் அல்ல. இரண்டாவது, இணைப்பு தரும் நிறுவனம் தொலைவிலிருந்தே அமைப்பைச் சரிசெய்வது. எல்லா இணைப்பிலும் இது கிடைக்காது. கிடைக்கும் இடத்திலும், வீட்டுப் பக்கம் அடைபட்டாலும் வெளிப்பக்க இணைப்பு அறுபடாமல் இருந்தால்தான் நடக்கும். கட்டுண்ட நிலையிலும் உயிர் சிவத்தை விட்டுப் பிரிந்ததில்லை என்று சைவ சித்தாந்தத்தில் மெய்கண்டார் வழி வந்தவர்கள் வலியுறுத்தியதும் இதைப் போன்றதுதான்: பிரிந்திருந்தால் அருள் வந்து சேர வழி இராது. வைணவத்தில் வேதாந்த தேசிகரும் பிள்ளை லோகாசாரியரும் பிரிந்து நின்றதும் இந்த இடத்தில்தான். அருளைப் பெற உயிரின் பங்காக ஏதாவது வேண்டுமா, அதுவும் வேண்டாமா என்பது அவர்கள் வழக்கு. நக்கீரர் கதை நடுவில் நிற்கிறது: பாறையைப் பிளந்தது வேல், ஆனால் பாடாமல் பிளக்கவில்லை.

மூன்றாவது வழி ரீசெட். பின்புறத் துளையில் ஊசியை விட்டுப் பத்து விநாடி அளவுக்கு அழுத்தினால் ரவுட்டர் ஆலையை விட்டு வந்த நிலைக்குத் திரும்பும். தவறு அழியும், கூடவே வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பல இணைப்புகளில் நிறுவனம் தந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போய்விடும். அவற்றை முன்கூட்டி எழுதி வைக்காதவர் கடைசியில் நிறுவனத்தைத்தான் கூப்பிட வேண்டும்.

முத்தியை இந்த ரீசெட்டாக எண்ணிக்கொள்வது எளிது: களங்கமற்ற தொடக்கத்துக்குத் திரும்புவது. சித்தாந்தம் அதை ஒப்பாது. உயிரை மறைக்கும் ஆணவ மலம் செம்பில் களிம்புபோல் உயிரோடு அனாதியாக இருப்பது. களங்கமற்ற தொடக்கம் என்று ஒன்று இருந்ததே இல்லை, திரும்பிப் போக. உமாபதி சிவம் திருவருட்பயனில் அந்த மலத்தைச் சொல்லும் ‘இருள்மல நிலை’ அதிகாரத்துக்குப் பிறகே ‘அருளது நிலை’ அதிகாரத்தை வைத்தார். முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, வலியிழந்து கிடக்கிறது என்பதே அந்த மரபின் முடிவு. அத்வைதத்துக்கும் ரீசெட் பொருந்தாது. ஆன்மா ஒருபோதும் கெட்டதில்லை, கெட்டதாகத் தோன்றியது அறியாமை. அறிவு வந்தபின் அழிக்க வேறெதுவும் மிச்சமில்லை என்பது சங்கரர் வழி.

ஆகவே ரவுட்டர் விஷயத்தில் கடைசிப் புகலிடமாக இருக்கும் ரீசெட்டுக்கு இந்த இரண்டு தத்துவங்களிலும் இடமில்லை. கேபிளுக்கும் தொலைவிலிருந்து வரும் உதவிக்கும் சித்தாந்தத்தில் இடம் உண்டு. நக்கீரர் கதை இன்னொன்றையும் சொல்கிறது. வீட்டில் ஒருவர் செய்த தவறால் எல்லாருக்கும் இணையம் போகிறது, சரியானால் எல்லாருக்கும் வருகிறது. பாறை பிளந்தபோதும் நக்கீரர் மட்டும் வெளியேறவில்லை; அவருக்கு முன் அடைபட்ட 999 பேரும் விடுபட்டனர்.