நான்கு பேருக்கான அறை



‘மீட்பு’ என்ற சொல்லை நாம் முதலில் கேட்டது மறைக்கல்வி வகுப்பில் அல்ல, அடகுக்கடை வாசலில். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக வைத்த கம்மலை, தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் மீட்டு வருகிறோம். அதே சொல்லைச் சிவப்பு வண்டியின் பக்கவாட்டிலும் படித்திருக்கிறோம்: தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. அந்த வண்டி மணியடித்துக்கொண்டு வெம்பக்கோட்டைச் சாலையில் போகும்போது, அது எந்தப் பட்டாசு ஆலைப் பக்கம் திரும்புகிறது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்க்காத தாய் இந்தக் கோவிலில் இல்லை.

மறைநூலிலும் மீட்பு இப்படித்தான் தொடங்குகிறது. கடனில் நிலத்தை இழந்தவனுக்காக அவனுடைய நெருங்கிய உறவினன் பணம் கட்டி நிலத்தை மீட்க வேண்டும் என்கிறது லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம். கடனுக்காகத் தன்னையே விற்றுவிட்டவனையும் அப்படியே மீட்கலாம். ரூத்தின் கதையில் போவாசு செய்தது இதைத்தான். ஆகவே மீட்பர் எங்கிருந்தோ வரும் கொடையாளி அல்ல. அவர் நம் சொந்தம். நம் கடனைத் தன் கடனாக ஏற்கும் உரிமை சொந்தத்துக்கே உண்டு. கடவுள் ஏன் மரியாவின் வயிற்றில் பிறந்தார் என்று யாராவது உங்களைக் கேட்டால் இதைச் சொல்லுங்கள்: நமக்குச் சொந்தக்காரர் ஆவதற்காகப் பிறந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இயேசு என்ற பெயருக்கு எபிரேய மொழியில் ‘ஆண்டவர் மீட்கிறார்’ என்று பொருள். அந்தச் சொல்லின் வேரில் ‘இடம் விரிதல்’ என்ற கருத்து இருக்கிறது என்பார்கள் அறிஞர் சிலர். நெருக்கடியில் மூச்சு முட்டிக் கிடந்தவனை ஆண்டவர் விசாலமான இடத்துக்குக் கொண்டுவந்தார் என்று திருப்பாடல் ஆசிரியர் மகிழ்கிறார். இந்த விளக்கத்தைப் படித்த நாளில் எனக்குப் பட்டாசு ஆலை அறைதான் கண்முன் வந்தது. உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக்கூடாது. கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். வெடிமருந்து கலக்கும் வேலை காலையிலேயே முடிய வேண்டும், மிச்ச மருந்தை அறையில் விட்டுவிட்டுப் போகக்கூடாது. இந்த விதிகளை எழுதிய அதிகாரிகள் மறைநூலை நினைத்து எழுதவில்லை. ஆனாலும், ஒரு மனித உயிர் தப்பி ஓட இடம் வேண்டும் என்று யார் நினைத்தாலும் அது கடவுளின் நினைவோடு சேர்ந்த நினைவுதான். உள்குத்தகைக்கு விட்ட ஆலையில், ஆர்டர் அவசரத்தில், அதே அறையில் எட்டுப் பேரை உட்கார வைப்பது பாவம். அதை விதிமீறல் என்று மட்டும் சொல்லி நான் நிறுத்த மாட்டேன். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்துப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20க்கும் மேற்பட்டோரை நாம் இழந்தோம். அந்த வீடுகளில் அழுகை இன்னும் ஓயவில்லை.

இன்று கேட்ட நற்செய்தியில் சக்கேயு மரத்தின் மேல் இருக்கிறார். அவர் ஏழை அல்ல. ஏழைகளிடம் பறித்துச் சேர்த்தவர். இயேசு அவரைப் பெயர் சொல்லி அழைக்கும்போது அவர் இன்னும் ஒரு காசைக்கூடத் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. இதைக் கவனியுங்கள். முதலில் வந்தது அழைப்பு, பிறகு மகிழ்ச்சி, அதன் பிறகே கணக்கு. மீட்பை நாம் சம்பாதிக்க முடியாது, அது கொடை. ஆனால் அந்தக் கொடை வீட்டுக்குள் வந்ததும் சக்கேயு கணக்கு நோட்டைத் திறந்துவிட்டார்! சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றிப் பறித்ததற்கு நான்கு மடங்கு. அப்போதுதான் இயேசு, இந்த வீட்டுக்கு மீட்பு வந்துவிட்டது என்கிறார். செத்த பிறகு என்று அவர் சொல்லவில்லை, அன்றைக்கே என்றார்.

தீபாவளி முடிந்து ஆலைகள் மறுபடி திறக்கும் நேரம் இது. முன்பணம் கொடுப்பவர்களும் வாங்குபவர்களும் இங்கே ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கொடுப்பவர்களே, இயேசு உங்கள் வீட்டில் சாப்பிட வந்தால், எந்த நோட்டை எடுத்து அவர் முன்னால் வைப்பீர்கள்? வாங்குகிற அக்கா, தங்கச்சிகளே, கடன் இருக்கிறது என்பதற்காக ஆபத்தான அறையில் வாய் மூடி உட்கார்ந்திருப்பதைக் கடவுள் உங்களிடம் கேட்கவில்லை. அதைப் பொறுமை என்றோ சிலுவை என்றோ யாராவது உங்களுக்குப் போதித்தால், அது நற்செய்தி அல்ல. அலுமினியப் பவுடர் படிந்த உங்கள் கைகளையும் சேர்த்துத்தான் கிறிஸ்து மீட்டார். ஆன்மாவுக்கு மட்டும் அவர் விலை கொடுக்கவில்லை. உடல் உயிர்த்தெழும் என்று அறிக்கையிடும் திருச்சபை, அந்த உடல் கருகுவதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாது.

2012 செப்டம்பர் 5ஆம் தேதியை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நடந்த அந்தப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் செத்தவர்களில் பலர் அந்த ஆலைத் தொழிலாளர்களே அல்ல. முதல் புகையைப் பார்த்துவிட்டு ஓடிவந்த சுற்றுவட்டாரத்து மக்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். உள்ளே சிக்கியவர்களைத் தூக்க வந்தவர்களும் இருந்தார்கள். அடுத்த வெடிப்பு அவர்களையும் சேர்த்துக் கொண்டுபோனது. பிள்ளைகளே, புகையைக் கண்டால் கிட்டே ஓடாதீர்கள், தீயணைப்பு வீரர்களுக்கு வழிவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். ஆனால் அன்று அடுத்தவரைத் தூக்க ஓடினவர்களை என்னால் மறக்க முடியவில்லை. அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. எரிகிற இடத்துக்குள் நமக்காக இறங்கி வந்த ஒருவரை நாம் ஆண்டவர் என்கிறோம். அடுத்தவருக்காக ஓடிவந்தவர்களை அவர் வாசலில் நின்று எப்படி வரவேற்றிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இப்போது எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கையைச் சொல்லப் போகிறோம். அதில் ‘மீட்பு’ என்ற சொல் வரும். அதைச் சொன்ன கையோடு தலைவணங்குவது நம் வழக்கம். இன்றைக்கு வணங்கும்போது, நாளைக் காலையில் நம்மோடு அந்த அறையில் உட்காரப்போகும் மற்ற மூன்று பேரின் பெயரையும் மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.